இரண்டாம் துள்ளல்

வியாழன் இரவு ஒன்பது மணி.
ஓஸ்திராவா தீயணைப்பு நிலையத்தின் நிலவறை.
மேலே வண்டிகளைக் கழுவுகிறார்கள்,
சுவர்க்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம்.
எட்டாம் எண் டிராமை ஓட்டி முடித்து
சீருடைச் சட்டையோடே வந்திருக்கிறேன்.
க்வெட்டா எனக்கு முன்பே வந்து
வலையை இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்று அடி கிடையாது, என்கிறாள்.
குட்டைப் பந்து மட்டும்.

எங்கள் கணக்கு எளிது.
வைக்கிற பந்து எதிர்ப்பாதியில்
இரண்டு முறை துள்ளவேண்டும்.
ஒரே துள்ளலில் மேசையைத் தாண்டினால்
வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் ஒரு கொரூனா.
மூன்று பருவமாக அந்த ஜாடிதான்
வெளியூர் ஆட்டங்களுக்கு எங்கள் பேருந்துக் கட்டணம்.
நிரப்பியது பெரும்பாலும் நான்.

வலது கால் மேசைக்கடியில் போகவேண்டும்,
யாரோ தூங்கும் அறைக்குள்
கண்ணாடியை எடுக்க நுழைகிற மாதிரி.
பந்து எழும்பும்போதே போய்ச் சேரவேண்டும்.
பிடி இளகவேண்டும்.
தொட்டோமா என்று
மட்டைக்கே சந்தேகம் வரவேண்டும்.
பட்டும் படாமலும் என்று
சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
செய்து பாருங்கள், தோள் கடுக்கும்.

பனியில் வழுக்கும் தண்டவாளத்தில்
பதினேழு டன் இரும்பை
கோட்டுக்கு நேராக நிறுத்துகிற கை இது.
மூன்று கிராம்கூட இல்லாத ஒன்றிடம்
தினமும் தோற்கிறது.

அரை மணிக்குப் பிறகு விதி மாறும்.
குட்டை, குட்டை, குட்டை;
யாருக்கு எப்போது தோன்றுகிறதோ
அவர் சுண்டலாம்.
க்வெட்டாவின் முழங்கை உயர்ந்தால் வருகிறது என்று பொருள்.
மணிக்கட்டு வயிற்றுப் பக்கம் மடங்கும்,
கட்டைவிரல் தரையைப் பார்க்கும்,
பிறகு ஒரு வெட்டு வெளிச்சம்போல்
பந்து பக்கவாட்டில் வளைந்து போய்விடும்.
சில நாள் முழங்கையை மட்டும் தூக்கிவிட்டு
மறுபடி குட்டையாகவே வைப்பாள்.
நான் பின்வாங்கி நிற்பேன், பேருந்தைத் தவறவிட்டவள்போல.

இன்றும் தொடங்கினோம்.
ஸ்கேன் அறையில் கூட்டமா?
பரவாயில்லை.
புது ரப்பர் ஒட்டவில்லையா?
இன்னும் இல்லை.
சனிக்கிழமை ஓபாவாவுக்கு ஆறரை வண்டியா?
ம்.
எல்லாம் வலையருகே விழுந்து
அங்கேயே இரண்டு முறை துள்ளின.
அவள் முழங்கை எழுந்தது.
சுண்டவில்லை.

முந்தின நாள் மாலை
சங்கச் செயலாளர் ஷிந்தெலார்ஷ் என் டிராமில் ஏறினார்.
ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்ற பலகைக்கு
நேர் கீழே நின்று,
எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு
பேசிக்கொண்டே வந்தார், ஐந்து நிறுத்தம்.

அடுத்த பந்து கொஞ்சம் உயர்ந்து வந்தது.
சுண்டினேன்.
பிர்னோவிலிருந்து எப்போது கூப்பிட்டார்கள்?

பந்து அவள் முட்டியில் பட்டு
குழாய்களுக்குப் பின்னால் ஓடியது.
முகம் சுண்டிப்போனது அவளுக்கு.
அக்டோபரில், என்றாள்.
இப்போது ஜனவரி.
குனிந்து பந்தைத் தேடினாள்.
பந்து எனக்கே தெரிந்தது,
சிவப்பு வாளிக்குப் பக்கத்தில்.
சொல்லவில்லை.

எழுந்து வந்தபோது முழங்காலில் தூசி.
முதல் பிரிவு, என்றாள்.
எனக்கு முப்பத்தொன்று ஆகிறது, என்றாள்.
இன்னும் ஒரு நூறு பந்து போடலாமா?

போட்டோம்.

க்வெட்டா நீளமாக வைக்கிறவள் அல்ல.
பத்து மணிக்கு மேல் அவள் கையிலிருந்து
பதினோரு பந்துகள் மேசையைத் தாண்டின.
ஒவ்வொன்றுக்கும் நடந்து போய்
பையிலிருந்து காசெடுத்து
ஜாடியில் போட்டாள்.
சத்தத்தை எண்ணினேன், தடுக்கவில்லை.
பதினோரு கொரூனாவுக்கு
ஓபாவா பேருந்தில் ஏறக்கூட முடியாது.

அதற்கடுத்தது வலையை உரசி இந்தப் பக்கம் வந்தது.
ஒரு துள்ளல், இன்னொன்று,
பிறகு துள்ளலென்று சொல்லமுடியாத ஏதோ.
மேசை நடுவிலேயே நின்றுவிட்டது.

எட்டியிருந்தால் தொட்டிருக்கலாம்.
என் வலது கால்
மேசைக்கடியில்தான் இருந்தது.